பார்க் மூலைப் பிள்ளையார்

எங்கள் வீட்டு முன்சுவரில் மூன்றடி அகலத்துக்கு ஒரு மாடம் உண்டு. அதற்குள் தெருவைப் பார்த்தபடி ஒரு கல் பிள்ளையார் உட்கார்ந்திருக்கிறார். வெள்ளிக்கிழமைகளில் தெருப் பெண்கள் எங்கள் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு அவரைக் கும்பிட்டுப் போகிறார்கள். புதிதாகக் குடிவந்தவர்கள், "வேண்டுதலா மதினி?" என்று அம்மாவிடம் கேட்பார்கள். "எம்மக எழுதுன எழுத்து," என்பாள் அம்மா. அதற்கு மேல் சொல்ல மாட்டாள். மிச்சத்தை நானே எழுதிவிடலாம் என்று தோன்றுகிறது.

அப்பா ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் ஸ்பின்னிங் பிரிவில் வேலை பார்த்தார். நாங்கள் இருந்தது மில்லின் லைன் வீடு. பக்கத்துக்கு ஒரு சுவரைப் பங்குபோட்டுக்கொண்டு வரிசையாக நிற்கும் வீடுகள். ஒரு வீட்டில் மிளகாய் தாளித்தால் நாலு வீட்டில் தும்முவார்கள். வேலை இருக்கும்வரைதான் வீடு. ஓய்வு பெற்றால் மூன்று மாதத்தில் சாவியைக் கொடுத்துவிட வேண்டும். அப்பாவுக்கு ஓய்வு வர ஏழு வருடம் இருக்கும்போது, ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவில், மெயின் ரோட்டை ஒட்டி, பருத்தி விளைந்த ஒரு காட்டை ஒருவர் மனைகளாகப் பிரித்து விற்றார். எங்கள் மில் ஆட்கள் பலர் மாதத் தவணையில் மனை வாங்கினார்கள். அப்பாவும் வாங்கினார். அவரை எல்லாரும் சைட்டுக்காரர் என்றே சொல்வோம். நல்ல பேச்சுக்காரர். வெள்ளை வேட்டியில் மண் ஒட்டாமல் காட்டுக்குள் நடக்கத் தெரிந்தவர்.

பத்திரம் கைக்கு வந்த அன்று அதை வாசித்துக் காட்டியது நான்தான். அப்போது பத்தாவது படித்துக்கொண்டிருந்தேன். அப்பா வழியிலும் அம்மா வழியிலும் பள்ளிக்கூடத்துக்குள் போய் முழுதாகப் படித்து வெளியே வந்த முதல் ஆள் நான். அப்பா கையெழுத்துப் போடுவார், அவ்வளவுதான். அதுவும் சம்பளப் பட்டியலுக்காக மில்லில் கற்றுக்கொண்டது. அம்மா பெருவிரல். ஆகவே லைன் வீடுகளுக்கு வந்த கடிதம், கோர்ட் நோட்டீஸ், ரேஷன் விண்ணப்பம் எல்லாம் என் மடிக்குத்தான் வரும். எனக்கு அது பெருமை. மறைக்க மாட்டேன்.

பன்னிரண்டாவது முடித்து, டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் செய்து, ஸ்ரீவில்லிபுத்தூரில் பத்திரப் பதிவு அலுவலகத்துக்கு எதிரே ஒரு பத்திர எழுத்தரிடம் வேலைக்குச் சேர்ந்தேன். காலையில் பஸ், மாலையில் பஸ். ஜன்னல் வழியே கோபுரம் தெரிந்ததும் எழுந்து படிக்கட்டுக்கு வந்துவிடுவேன். எங்கள் மனை பஸ் போகும் வழியிலேயே இருந்தது. தினம் இரண்டு தடவை பார்ப்பேன். வருடங்கள் போயும் அங்கே ஒரு செங்கல் ஏறவில்லை. கல் நட்ட காடு கல் நட்ட காடாகவே கிடந்தது.

காரணம் இதுதான். ஒரு காட்டை மனையாகப் பிரிக்கிறவர், அதில் விட்ட ரோடுகளையும், பார்க் என்று ஒதுக்கிய காலி இடத்தையும் பேரூராட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். ரோட்டுக்கு மண் அடிப்பது, விளக்குக் கம்பம், தண்ணீர் வசதி இவற்றில் எதை அவர் செய்வார், எதைப் பேரூராட்சி செய்யும் என்பது பேச்சில் முடிவாக வேண்டும். அந்தப் பேச்சு முடிந்து, தானப் பத்திரம் பதிவானால்தான் வீட்டு பிளானுக்குப் பேரூராட்சி சீல் வைக்கும். சீல் இல்லாமல் வீடு கட்டக் கூடாது. சீல் இல்லாத பிளானுக்கு மில்லில் பி.எஃப். முன்பணமும் கிடையாது. எங்கள் மாதிரி ஆட்களுக்கு அந்த முன்பணம் இல்லாமல் அஸ்திவாரம் கூடத் தோண்ட முடியாது.

பேச்சு முடியவே இல்லை. பேரூராட்சித் தலைவர், உயரமான தண்ணீர்த் தொட்டி ஒன்று கட்டிக் கொடுத்தால்தான் ஆயிற்று என்றார். சைட்டுக்காரர் கிணறு மட்டும் வெட்டித் தருகிறேன் என்றார். இவர் கொஞ்சம் இறங்க, அவர் கொஞ்சம் ஏற, நடுவில் தலைவரின் காலம் முடிந்துபோனது. அடுத்த தேர்தல் நடக்கவில்லை. தலைவர் இடத்தில் அதிகாரி ஒருவர் வந்தார். அவர் வெளி மாவட்டத்துக்காரர். பழைய பேச்சு எனக்குத் தெரியாது, எல்லாம் எழுத்தில் வரட்டும் என்றார்.

எழுத்தில் என்றால் எங்கள் அலுவலகம். ஒரு புதன்கிழமை சைட்டுக்காரர் வந்து, அதிகாரிக்கு ஒரு கடிதம் அடிக்கச் சொன்னார். அவர் சொல்லச் சொல்ல நான் டைப் அடித்தேன். தண்ணீர்த் தொட்டியைத் தாமே கட்டித் தருவதாகவும், அதற்குப் பதிலாக, மெயின் ரோட்டு மூலையில் பார்க்குக்கு விட்ட இடத்தைத் தாமே வைத்துக்கொண்டு, அதே அளவு இடத்தை மனைப் பிரிவின் கடைசியில், ஓடைப் பக்கம் தருவதாகவும் அந்தக் கடிதம் சொன்னது. மூலை இடம் கடை போட ஏற்றது. விற்றால் தொட்டிச் செலவுக்கு மேலேயே வந்துவிடும். ஓடைப் பக்கம் மழைக்கு முழங்கால் தண்ணீர் நிற்கும். அந்தப் பக்கம் நான் நடந்திருக்கிறேன்.

என் விரல் நின்றது.

"என்னம்மா, ரிப்பன் தீந்து போச்சா?" என்றார் சைட்டுக்காரர்.

"இல்ல சார்," என்று சொல்லி அடித்து முடித்தேன்.

பத்திர அலுவலகத்தில் கேட்டதை வெளியில் சொல்லக் கூடாது. சேர்ந்த முதல் நாளே எழுத்தர் சொன்ன விதி அது. அன்று மாலையே நான் அப்பாவிடம் சொல்லிவிட்டேன்.

அடுத்த ஞாயிறு, அதுவரை மனை வாங்கியிருந்தவர்கள் எல்லாரும் சைட்டில் கூடினார்கள். இருபத்துமூன்று பேர். மில் ஆட்கள்தான் அதிகம். மில் வாசலில் பலசரக்குக் கடை வைத்திருந்த பாயும் இருந்தார். எங்கள் மனைக்கு அடுத்த மனை அவருடையது. அப்பாவுக்கும் அவருக்கும் இருபது வருடப் பழக்கம். நான் அவரை மாமா என்றுதான் கூப்பிடுவேன். பெரிய மகளுக்குக் கல்யாணம் செய்து, மருமகனோடு அந்த மனையில் குடிவைக்க வேண்டும் என்பது அவர் எண்ணம்.

நான் புளூ பிரிண்டைத் தரையில் விரித்து, நாலு முனையிலும் கல் வைத்தேன். ஒரு குச்சியை எடுத்து மூலையைக் காட்டினேன். எல்லாரும் குனிந்து பார்த்தார்கள். என் அப்பாவின் வயதுள்ள ஆண்கள் நான் பேசி முடிக்கும்வரை வாயைத் திறக்கவில்லை. அந்தக் காலை வெயிலில் நான் அடைந்த பெருமையை இப்போது நினைத்தாலும் முகம் சூடாகிறது.

"இதுதான் பார்க். இது நம்ம எல்லாருக்கும் உள்ள எடம். இத அவர் வெச்சுக்கிட்டு, ஓடைப் பள்ளத்த நமக்குத் தள்ளப் பாக்கார்."

அம்மா கொஞ்சம் தள்ளி, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றிருந்தாள். அங்கிருந்தே கேட்டாள்.

"தண்ணித் தொட்டி தாரேங்காராட்டி?"

"ஆமா. அதுக்குப் பதிலாத்தான்…"

"அப்ப வாங்கிக்கிட வேண்டியதுதான? பார்க்குல போயி யாரு உக்காரப் போறா? தண்ணி வந்தா வீட்டுக்கு வரும்."

"ஒனக்கு ஒண்ணுந் தெரியாதும்மா. பிளான்ல இருக்கறத மாத்த சட்டத்துல எடமே கிடையாது."

இது எனக்கு உண்மையில் தெரியாது. சட்டம் என்ற சொல்லைச் சொன்னால் கூட்டம் அடங்கும் என்பது மட்டும் தெரியும். அடங்கியது. அம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். லைன் வீட்டில் தெருக்குழாய்க்கு வரிசை நின்றே அவள் வயசு போயிருந்தது. அதை அப்போது நான் நினைத்துப் பார்க்கவில்லை.

அப்பாவோடு ஷிப்ட் பார்க்கிற ஒருவர், "பேசிக்கிட்டு நின்னா மூலையில கடையக் கட்டிருவாரு. ஒரு பிள்ளையார உக்கார வெச்சுருவோம். எவன் அசைப்பான்?" என்றார்.

எல்லாருக்கும் அது சரியென்று பட்டது. எங்கள் பக்கத்தில் ஒரு இடத்தைக் காப்பாற்ற எல்லாரும் செய்கிற காரியம்தான். வேலி போட்டால் பிடுங்கலாம், போர்டு வைத்தால் உடைக்கலாம். பிள்ளையாரைத் தொட யாருக்கும் கை வராது.

"நல்லா உக்கார வைங்க அண்ணாச்சி," என்றார் பாய். "எங்க வீட்டுக்கும் சேத்து ஒரு வாச்மேன் ஆச்சு. சம்பளமும் கேக்க மாட்டாரு."

"கொழுக்கட்டை கேப்பாருய்யா."

"அதுக்கு மாவு எங் கடையில வாங்கிக்கிடுங்க. ரொக்கத்துக்கு."

வெள்ளிக்கிழமை பிள்ளையார் வந்தார். புதுக் கல். அடியில் வைத்த செங்கல் பாய் கொடுத்தது. ஓலைக் கூரை ஒன்று போட்டு, மணி கட்டினார்கள். நான் அதோடு நிற்கவில்லை. இருபத்துமூன்று பேர் சார்பில் அதிகாரிக்கு ஒரு மனு எழுதினேன். பார்க் இடத்தை மாற்றக் கூடாது என்பது மனுவின் சாரம். கோரிக்கைக்குப் பலம் வேண்டுமே என்று ஒரு வரி சேர்த்தேன். "மேற்படி இடத்தில் தொன்றுதொட்டு நாங்கள் வழிபட்டு வரும் பிள்ளையார் கோவில் அமைந்துள்ளது."

தொன்றுதொட்டு என்பது எங்கள் அலுவலகத்தில் தினம் புழங்கும் சொல். பாதைத் தகராறு, வரப்புத் தகராறு, கிணற்றுப் பங்கு எதுவானாலும் தொன்றுதொட்டு என்று தொடங்கினால்தான் எழுத்துக்கு ஒரு எடுப்பு என்று நானாக முடிவுசெய்து வைத்திருந்தேன். பிள்ளையார் வந்து நாலு நாள்தான் ஆகியிருந்தது.

மனுவை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனேன். எழுதத் தெரிந்தவர்கள் கையெழுத்துப் போட்டார்கள், மற்றவர்கள் மையில் விரலை அமுக்கினார்கள். ஒருவர்கூட என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கவில்லை. நானும் யாருக்கும் வாசித்துக் காட்டவில்லை.

இரண்டு மாதம் கழித்துப் பேரூராட்சியிலிருந்து பதில் வந்தது. அதை நான் மூன்று தடவை வாசித்தேன். தொன்றுதொட்டு வழிபாட்டில் உள்ள கோவில் இருப்பதாக மனுதாரர்களே கூறுவதால், அந்த இடம் உண்மையில் சைட்டுக்காரருக்குப் பாத்தியமானதா, கோவில் நிலமா என்று தாலுகா அலுவலகத்தில் விசாரிக்கப்படும். விசாரணை முடியும்வரை அந்த மனைப் பிரிவு சம்பந்தமான எந்தத் தானப் பத்திரமும் ஏற்றுக்கொள்ளப்படாது. காலி இடமாக இல்லாததைப் பேரூராட்சி தானமாக வாங்க முடியாது என்றும் கடைசியில் ஒரு வரி இருந்தது.

சைட்டுக்காரர் அலுவலகத்துக்கு வந்து எழுத்தரிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். "கோயில் இருக்கற எடத்த நான் எங்க விக்க? தொட்டியும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். அவியளே தொன்றுதொட்டு கும்புட்டுட்டு இருக்கட்டும்." அந்தச் சொல்லை நிறுத்தி, என் பக்கம் திரும்பிச் சொன்னார். என்மேல் அவருக்குச் சந்தேகம் இருந்தது.

அவர் போன பிறகு எழுத்தர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "கடிதத்தைப் பத்தி வெளியில சொன்னது நீதான?"

ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

"நீ வேலைய விட்டுப் போகணும்னு நான் சொல்லல. ஆனா ஒண்ணு தெரிஞ்சுக்க. பார்க் எடத்த மாத்தலாம். மேல எழுதி, அனுமதி வாங்கி மாத்துறது உண்டு. தொட்டிக்குப் பதிலாங்கறதால அதிகாரி சம்மதிச்சாலும் சம்மதிச்சிருப்பார். இல்லாட்டி, மூலையும் வேணும் தொட்டியும் வேணும்னு அவரே இழுத்துப் பிடிச்சிருப்பார். பேச்சு ஓடிக்கிட்டு இருந்துச்சு. நீங்க நடுவுல கொண்டுபோயி கல்ல வெச்சுட்டீங்க."

வீட்டில் கேட்டபோது, "சர்க்கார் ஆபீஸ் அப்படித்தான் இழுப்பாங்க," என்றேன். அப்பா நம்பினார். அவருக்குத் தெரிந்த உலகத்தில் சர்க்கார் ஆபீஸ் இழுப்பது புதிதல்ல. மனை வாங்கிய மற்றவர்களும் நம்பினார்கள். என்னால் நின்றது என்று யாருக்கும் தோன்றவில்லை. நான் சொல்லவும் இல்லை. விசாரணை முடிந்தால் எல்லாம் சரியாகிவிடும், அதற்குள் எதற்குச் சொல்ல வேண்டும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். தினம் பஸ்ஸிலிருந்து ஓலைக் கூரை தெரியும். முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொள்வேன்.

கோப்பு தாலுகாவில் ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் கிடந்தது.

அந்தக் கோடையில் அப்பா ஓய்வு பெற்றார். மில்லில் மாலை போட்டு, ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்து அனுப்பினார்கள். மூன்று மாதமும் ஓடிப்போனது. லைன் வீட்டைக் காலி செய்து, ஊருக்குள் ஒரு மாடிக்குக் கீழே ஓர் அறையும் சமையல் மூலையுமாக வாடகைக்குப் போனோம். சாமான் ஏற்றிய வண்டிக்குப் பின்னால் அப்பா அந்தக் கடிகாரத்தை மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தார். புது இடத்தில் அதை மாட்டவில்லை. "நம்ம வீட்டுச் செவுத்துல மாட்டிக்கிடலாம் தாயி," என்று பெட்டிக்குள் வைத்துவிட்டார்.

அடுத்த மாதம் பாய் தன் மனையைச் சைட்டுக்காரருக்கே திருப்பிக் கொடுத்துவிட்டார் என்று அப்பா வந்து சொன்னார். மாப்பிள்ளை வீட்டார் இனிமேல் காத்திருக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்களாம். சைட்டுக்காரர் கேட்ட விலைக்கே கொடுத்திருக்கிறார். சீல் இல்லாத மனையை வேறு யாரும் வாங்க மாட்டார்கள்.

"பாவம்லா," என்றாள் அம்மா. "ஆபீசரு ஒருத்தன் இழுத்த இழுப்புல…"

சோற்றுத் தட்டில் கை வைத்திருந்தேன். அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"ஆபீசர் இல்லம்மா," என்றேன். "நான்."

மனுவின் நகலை எடுத்துவந்து அந்த வரியை வாசித்துக் காட்டினேன். அதற்கு வந்த பதிலையும் வாசித்தேன். அப்பா நகலை வாங்கித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "நாலு நாள்தான ஆச்சு அப்ப?" என்றார், ஏதோ கணக்கில் புரியாததைக் கேட்பதுபோல.

"ஆமாப்பா."

"பொறவு ஏந் தாயி அப்படி எழுதுன?"

நன்றாக இருக்கும் என்று எழுதினேன் என்பதைப் பதிலாகச் சொல்ல முடியுமா?

அம்மாதான் எழுந்து தட்டை எடுத்தாள். "ஏட்டி, இதுக்கு என்ன வழி? எழுதுனத அழிக்க முடியாதா?"

"இன்னொண்ணு எழுதணும். நான் எழுதுனது பொய்னு."

"அப்ப எழுது. ஒக்காந்து அழுதுக்கிட்டு இருந்தா சீலு விழுமா?"

மறுநாள் விடுப்புப் போட்டுவிட்டு அதிகாரியைப் பார்க்கப் போனேன். அம்மாவும் வந்தாள். வராதே என்றேன். பெஞ்சில் உட்கார்ந்துகொள்கிறேன் என்றாள். ஆனால் கூப்பிட்டபோது உள்ளே வந்து சுவரோரம் நின்றுகொண்டாள்.

அதிகாரி நான் கொடுத்த தாளை வாசித்தார். தம் அலுவலகக் கோப்பை வரவழைத்துப் பழைய மனுவையும் எடுத்து வைத்துக்கொண்டார்.

"இத எழுதினது யாரு?"

"நான்தான் சார்."

"நல்ல எழுத்து. நான் வக்கீல் எழுதினதுன்னு நெனச்சேன்." தாளை மடித்தார். "சாதாரணமா எழுதியிருந்தா, ரெண்டு பேரையும் கூப்பிட்டு உக்கார வெச்சுப் பேசியிருப்பேன். கோயில்னு எழுத்துல வந்த பெறகு, நான் எந்த தைரியத்துல கையெழுத்துப் போட?"

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

செய்ய வேண்டியதைச் சொன்னார். மனுவில் கையெழுத்துப் போட்ட அத்தனை பேரும், அந்த வாசகம் உண்மையல்ல என்று திரும்பவும் எழுதிக் கொடுக்க வேண்டும். அதைக் காட்டித் தாலுகா விசாரணையை முடித்துவிடலாம். இடம் காலியாக வேண்டும். அதன் பிறகு சைட்டுக்காரரோடு புதிதாகப் பேச வேண்டும்.

மறுபடி வீடு வீடாகப் போனேன். இந்தத் தடவை ஒவ்வொரு வாசலிலும் நின்று, முதல் மனுவை முழுதாக வாசித்தேன், பிறகு இரண்டாவதை வாசித்தேன். சிலர் ஒன்றும் சொல்லாமல் விரலை நீட்டினார்கள். ஒரு அத்தை, "படிச்ச திமிரு," என்று என் காதுபடவே சொன்னாள். சரியாகத்தான் சொன்னாள்.

பாய் கடைக்குக் கடைசியாகப் போனேன். மனை கைவிட்டுப் போன பிறகும் மனுவில் அவர் கையெழுத்து இருந்ததே. புளியை நிறுத்துக்கொண்டிருந்தார். வாசித்து முடிக்கும்வரை தராசையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்களும் ஏசுங்க மாமா," என்றேன்.

"ஏசி?" புளியைப் பொட்டலம் கட்டி, நூலைச் சுற்றி, அறுத்தார். "படிச்ச பிள்ள எழுதுனா சரியாத்தான் இருக்கும்னு நாங்களுந்தானம்மா கேக்காமக் கையெழுத்துப் போட்டோம். கொண்டா பேனாவ."

போட்டார். பேனாவை மூடித் திருப்பிக் கொடுத்தார். கல்யாணம் நடந்து மகள் வாடகை வீட்டில்தான் இருந்தாள். அந்தப் பேச்சை அவர் எடுக்கவே இல்லை.

அதிகாரி எல்லாரையும் ஒரு நாள் வரச் சொன்னார். சைட்டுக்காரரும் வந்தார். இப்போது அவர் கை ஓங்கியிருந்தது. மூலை இடத்தைப் பார்க்காகவே எழுதித் தருகிறேன், ரோட்டுக்குச் சரள் அடிக்கிறேன், ஒரு போர் போட்டு அடி பம்பு வைக்கிறேன், தொட்டி முடியாது என்றார். முன்பு தொட்டி என்று எழுதினேன், அப்போது இரும்பும் சிமெண்டும் விற்ற விலை வேறு என்றார்.

அதிகாரி எங்களைப் பார்த்தார். "தொட்டி வேணும்னு நான் பிடிவாதமா நிக்கலாம். மேல எழுதலாம். ஆனா எவ்வளவு நாள் ஆகும்னு சொல்ல முடியாது. நீங்க சொல்லுங்க."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பழக்கம். நான் தலையைக் குனிந்துகொண்டேன். தொட்டியைக் கேட்டவள் ஒருத்திதான், அவள் எனக்குப் பின்னால் நின்றிருந்தாள்.

"பம்பே போதும் சாமி," என்றாள் அம்மா. "கை இருக்குல்லா. அடிச்சுக்கிடுதோம்."

மிச்சம் இருந்தது பிள்ளையார். அவரை எடுத்து எங்கே வைப்பது? குளத்தில் போட ஒருவரும் சம்மதிக்கவில்லை. பக்கத்துக் கோவிலில் கேட்டதற்கு, அங்கே ஏற்கெனவே இரண்டு பேர் இருப்பதாகச் சொன்னார்கள். மனைக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஒவ்வொருவரிடமும் இருந்தது இரண்டரை சென்ட். அதில் ஒரு அடி விட்டால் ஒரு அடி போனதுதான்.

"எங்க மனையில வைங்க," என்றாள் அம்மா. "எம் பிள்ளையால வந்தவரு. எங்க வாசல்லயே இருக்கட்டும்."

அப்பா அவளைத் திரும்பிப் பார்த்தார். அவர் ஏழெட்டு வருடமாக மனதில் கட்டி வைத்திருந்த வீட்டில் இரண்டு அறை. முன்னறை அவர்களுக்கு, தெருவைப் பார்த்த சின்ன அறை எனக்கு. நான் மேஜை போட்டுப் படிக்க. தபாலில் பி.ஏ. படிக்கப் போகிறேன் என்று அவரிடம் சொல்லி வைத்திருந்தேன். அப்பா தலையை அசைத்தார்.

பூசாரி ஒருவர் வந்து, மந்திரம் சொல்லிப் பிள்ளையாரின் சக்தியைக் குடத்துத் தண்ணீரில் இறக்கி, கல்லைப் பெயர்த்தார். ஓலைக் கூரையைப் பிரித்து, பாய் கொடுத்த செங்கல்லை நானே வண்டியில் அடுக்கினேன். அடுத்த வாரம் தானப் பத்திரத்தை நான்தான் டைப் அடித்தேன். நாலு பக்க எல்லை, சதுர அடி, ரோட்டின் அகலம். கிழக்கே மெயின் ரோடு, மேற்கே மனை, வடக்கே, தெற்கே. அடிக்கும்போது எழுத்தர் பின்னால் வந்து நின்று ஒவ்வொரு வரியாகப் பார்த்தார். அதற்கு முன்பு அவர் அப்படி நின்றதில்லை.

பிளானில் சீல் விழுந்தது. அப்பா கையில் பி.எஃப். முழுப் பணமும் இருந்தது. ஆனால் இத்தனை மாத வாடகையும் ஏறிப்போன செங்கல் விலையும் அதில் ஒரு பகுதியைத் தின்றிருந்தன. மாடத்துக்கும், அதைச் சுற்றி விட வேண்டிய இடத்துக்கும் போக, தெருவைப் பார்த்த அந்தச் சின்ன அறை பிளானிலேயே இல்லாமல் போனது. கொத்தனார் கயிறு பிடித்த அன்று, "இன்னும் ரெண்டடி கெடைச்சா ஒரு ரூம்பு எடுத்துரலாமே" என்றார். அப்பா கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார்.

பால் காய்ச்சிய அன்று பாய் வந்தார். ஒரு மூட்டை அரிசியைத் தோளில் சுமந்து வந்து இறக்கினார். வெளியே நின்று அடுத்த மனையைப் பார்த்தார். அதில் யாரோ ஒரு வாத்தியார் அஸ்திவாரம் போட்டிருந்தார். பிறகு மாடத்தைப் பார்த்துச் சிரித்தார்.

"என்ன வாச்மேன், எங்க வீட்டுக்கு டூட்டி பாக்க வாரேன்னுட்டு இங்கயே தங்கிட்டீரு?"

அப்பா உள்ளே போய் ஆணி அடித்தார். கடிகாரத்தை மாட்டினார்.

அதெல்லாம் நடந்து சில வருடங்கள் ஆகிவிட்டன. நான் இன்னும் அதே பஸ்ஸில் போய் வருகிறேன். பி.ஏ. முடித்தேன். அடுப்படிக்கு எதிரே, அம்மா சமைத்து முடித்த பிறகு, தரையில் உட்கார்ந்து படித்தேன். மூலையில் பார்க் இருக்கிறது. கம்பி வேலி போடுவதற்குப் பேரூராட்சிக்கு இன்னும் கை வரவில்லை. பாதி முள்செடி. மீதியில் பிள்ளைகள் விளையாடுகிறார்கள். மழைக்கு ஓடைப் பக்கம் முழங்கால் தண்ணீர் நிற்கும்போது, மூலை காய்ந்து கிடப்பதைப் பார்ப்பேன். அப்போது நான் செய்ததில் பாதி சரிதான் என்று தோன்றும். வீட்டுக்கு வந்தால் அம்மா பம்பு அடித்துக்கொண்டிருப்பாள். குடம் நிறைய ஐம்பது தடவை அடிக்க வேண்டும். நான் போய்க் கைப்பிடியை வாங்கிக்கொள்வேன். தொட்டியைப் பற்றி அவள் ஒருநாளும் குத்திக் காட்டியதில்லை. காட்டியிருக்கலாம்.

தெருக்காரர்கள் இப்போதும் மனு எழுத என்னிடம்தான் வருகிறார்கள். அந்த அத்தையும் வருகிறாள். போன மாதம் தண்ணீர்த் தொட்டி கேட்டு ஒரு மனு. எழுதி முடித்து, எல்லாரையும் எங்கள் வாசலில் உட்கார வைத்து, கையெழுத்துக்கு முன்னால் உரக்க வாசித்தேன். "எங்கள் பகுதியில் அறுபது வீடுகள் உள்ளன" என்ற இடம் வந்தது.

மாடத்தில் விளக்கு ஏற்றிக்கொண்டிருந்த அம்மா திரும்பாமலே கேட்டாள்.

"ஏட்டி, அறுவதா? எண்ணிப் பாத்தியா?"

பேனாவை வைத்துவிட்டு எழுந்து தெருவில் இறங்கினேன். எண்ணிக்கொண்டே நடந்தேன். ஐம்பத்துநாலு இருந்தது.